ஏர் ரைபிளை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கு

தானியக் கொட்டகையில் எலி பெருகிவிட்டால் செய்யக்கூடியவை கொஞ்சம்தான். ஓட்டைகளை அடைக்கலாம், பொறி வைக்கலாம், பூனை வளர்க்கலாம், விஷம் வைக்கலாம். இவற்றில் ஓட்டையை அடைப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் எலி திரும்பி வந்துவிடும். ஆனால் அடைத்த பிறகும் உள்ளே தங்கிவிட்ட எலிகளை என்ன செய்வது? பொறியைக் கண்டு ஒதுங்கப் பழகிவிட்ட பெரிய எலிகளை என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் இங்கே விஷத்துக்குப் போகிறார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை விஷம் வேலை செய்யச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் எலி தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். அதை ஓர் ஆந்தை பிடித்துத் தின்றால் விஷம் ஆந்தையின் உடம்புக்குள் போகும். எலியைத் தின்று நமக்கு உதவும் பறவையையே நாம் கொன்றுவிடுகிறோம்.

காற்றின் அழுத்தத்தால் சுடும் துப்பாக்கியான ஏர் ரைபிள்மீது எனக்கு ஈடுபாடு வந்தது இந்த இடத்தில்தான். எந்த எலி போக வேண்டுமோ அது மட்டும் போகிறது. பக்கத்தில் இருக்கும் நாய்க்கோ கோழிக்கோ ஆந்தைக்கோ ஒன்றும் ஆவதில்லை. வெடிமருந்து இல்லாததால் சத்தமும் குறைவு. ஒன்று விழுந்த பிறகும் மற்றவை சில நிமிடங்களில் திரும்பி வரும். கொட்டகைக்குள் பெரிய துப்பாக்கியை நினைத்துப் பார்க்கவே முடியாது, கூரையும் போகும், காதும் போகும். இதில் போடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட்டோ ஒரு டப்பாவில் நூற்றுக்கணக்கில் இருக்கும். பாதுகாப்பான இடம் இருந்தால் தினமும் பழகலாம்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏர் ரைபிளுக்குப் பலம் கொஞ்சம்தான். இங்கே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது. பலம் கொஞ்சம் என்பதால் பக்கத்தில் போக வேண்டும். பக்கத்தில் போனாலும் சரியான இடத்தில் பட வேண்டும். அது முடியாதபோது சுடாமல் இருக்க வேண்டும். இதை ஏற்றுக்கொள்ள மனமில்லாதவர் வேறு வழி பார்ப்பது நல்லது. ஏனென்றால் பாதி பலத்தில் அடிபட்ட பிராணி மறைவில் போய்ப் படுத்து மணிக்கணக்கில் துடித்துத்தான் சாகும்.

சட்டத்திலிருந்து தொடங்குங்கள்

துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துப்பாக்கியை வைத்திருக்க எனக்கு அனுமதி உண்டா? இந்தப் பிராணியை இந்த இடத்தில் சுட எனக்கு அனுமதி உண்டா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவதுக்கு ஆம் என்றால் இரண்டாவதுக்கும் ஆம் என்று நினைத்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

நாட்டுக்கு நாடு விதி எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல் வரை சக்தியுள்ள ஏர் ரைபிளுக்குத் துப்பாக்கிச் சான்றிதழ் தேவையில்லை. அதே தீவில் இருக்கும் ஸ்காட்லாந்தில் 2016-ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து அதே ரைபிளுக்கும் சான்றிதழ் வேண்டும். ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் வாங்கக்கூடியவற்றுக்கு எல்லை 7.5 ஜூல். இந்தியாவில் சில வகை ஏர் ரைபிள்களை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவதைத் தடுக்கிறது. எதைச் சுடலாம் என்ற பட்டியல் திருத்தங்களால் மாறிக்கொண்டும் இருக்கும். எனவே இன்றைய நிலவரத்தை உங்கள் பகுதியின் வனத்துறையிடமோ காவல்துறையிடமோ நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிலம் உங்களுடையது இல்லையென்றால் நிலத்துக்காரரிடம் எழுத்திலேயே அனுமதி வாங்குங்கள். சட்டம் இடம் தராத ஊரில் இருப்பவர்களுக்கு அட்டையில் குறி வைத்துச் சுடுவதே போதுமான சந்தோஷம் தரும். இந்தக் கட்டுரையில் பாதி அவர்களுக்கும் பொருந்தும்.

எந்த வகைத் துப்பாக்கி

காற்றுத் துப்பாக்கி புதுப் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். 1780 வாக்கிலேயே ஆஸ்திரியப் படையில் ஜிரார்டோனி என்ற காற்றுத் துப்பாக்கி இருந்தது. தோளில் வைக்கும் பின்கட்டையே காற்றுக் கலன். ஒரே சமயத்தில் 20 குண்டுகள் வரை நிரப்பலாம். 1803-இல் அமெரிக்காவின் மேற்கை ஆராயப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவினரும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுபோனார்கள், வழியில் சந்தித்த மக்களுக்கு அதைச் சுட்டுக் காட்டினார்கள்.

இன்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது பெரும்பாலும் இரண்டுக்கு நடுவில். ஸ்பிரிங் வகை ஒன்று. பி.சி.பி. எனப்படும், காற்றை முன்னரே அடைத்து வைக்கும் வகை இன்னொன்று.

ஸ்பிரிங் வகையில் குழலை மடக்கினாலோ அடியில் உள்ள நெம்பியை இழுத்தாலோ உள்ளே ஒரு சுருள்வில் அழுந்தி நிற்கும். விசையை இழுத்ததும் வில் பிஸ்டனை முன்னே தள்ளும். பிஸ்டன் காற்றை நசுக்கும், நசுங்கிய காற்று பெல்லட்டைத் தள்ளும். வேறு எதுவும் வேண்டாம், பம்ப் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். நன்றாக வைத்துக்கொண்டால் பல வருடங்கள் உழைக்கும். சில துப்பாக்கிகளில் சுருள்வில்லுக்குப் பதில் அடைத்த வாயு இருக்கும், வேலை ஒன்றுதான். ஆனால் இந்த வகையில் சுடுவது கஷ்டம். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் முனையில் போய் நின்றதும் முன்னே இழுக்கும். இந்த ஆட்டம் தொடங்கும்போது பெல்லட் இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. ஆகவே நீங்கள் துப்பாக்கியைப் பிடிக்கும் விதம் குறியை மாற்றிவிடும்.

பி.சி.பி. துப்பாக்கியில் 200 முதல் 300 பார் வரை அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கும். உதைப்பு கிட்டத்தட்ட இல்லை. புதியவர்கூட முதல் நாளிலேயே நெருக்கமாகச் சுட முடியும். அதற்கு ஈடாக உயர் அழுத்தப் பம்போ சிலிண்டரோ வேண்டும், மொத்தச் செலவும் ஏறும். இதில் ஓர் எச்சரிக்கை. சுத்தமான, ஈரமில்லாத காற்றை மட்டுமே நிரப்புங்கள். ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெயோடு அது சேர்ந்தால் வெடித்துவிடும்.

கார்பன் டை ஆக்சைடு வகையும் கையால் பலமுறை பம்ப் செய்யும் வகையும் உண்டு. முதலாவதன் சக்தி குளிரில் குறைந்துவிடும். இரண்டாவதில் அடுத்த குண்டுக்கு நேரமாகும். பழகுவதற்குச் சரி, வேட்டைக்கு முதல் துப்பாக்கியாக நான் சொல்ல மாட்டேன்.

என் யோசனை இது: பணம் இடம் கொடுத்தால் பி.சி.பி. இல்லையென்றால் நடுத்தர சக்தியுள்ள ஸ்பிரிங். கடையில் இருப்பதிலேயே பலமான ஸ்பிரிங் துப்பாக்கியைக் கேட்டு வாங்காதீர்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். பெட்டியில் அச்சடித்திருந்த வேகத்தைப் பார்த்து மயங்கி எடுத்தேன். அந்த வேகம் மிக இலேசான பெல்லட்டுக்குச் சொல்லப்பட்டது. உண்மையான பெல்லட்டைப் போட்டால் அது கிடைக்கவில்லை, உதைப்பு மட்டும் கிடைத்தது. 15 மீட்டரில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. அந்தத் துப்பாக்கியால் நான் அடித்த முதல் எலி காயத்தோடு சுவருக்குப் பின்னால் போய்விட்டது. அன்று இரவு முழுவதும் அதன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் ஆறு மாதம் அட்டையைத் தவிர வேறெதையும் நான் சுடவில்லை.

காலிபரும் பெல்லட்டும்

காலிபர் என்பது குழலின் உள்விட்டம். அதில் முக்கியமானவை .177, அதாவது 4.5 மி.மீ., அப்புறம் .22, அதாவது 5.5 மி.மீ. இவற்றுக்கு மேலே 6.35 மி.மீ. அளவுள்ள .25 இருக்கிறது. அது சக்தி அதிகமான துப்பாக்கிகளுக்குப் பொருந்தும்.

ஒரே 16 ஜூல் சக்தியில் இரண்டையும் ஒப்பிட்டால் விஷயம் புரியும். .177-இல் 8.4 கிரெய்ன் பெல்லட் நொடிக்குச் சுமார் 240 மீட்டர் வேகத்தில் போகும். .22-இல் 16 கிரெய்ன் பெல்லட் சுமார் 177 மீட்டர் வேகத்தில் போகும். ஒரு கிரெய்ன் என்பது ஏறக்குறைய 0.065 கிராம். வேகமாகப் போவதால் .177-இன் பாதை நேராக இருக்கும், தூரத்தைக் கணிப்பதில் சின்னத் தவறு செய்தாலும் பெரிதாக விலகாது. .22 வளைந்து விழும், ஆனால் பட்ட இடத்தில் அகலமாகவும் கனமாகவும் அடிக்கும். 'ரோமத்துக்கு .22, இறகுக்கு .177' என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்வதுண்டு. கொட்டகைக்குள் 10, 15 மீட்டரில் எலி என்றால் .22 எடுங்கள். திறந்த வெளியில் தூரம் மாறிக்கொண்டே இருந்தால் .177 புதியவரை மன்னிக்கும். சட்டம் ஒரு காலிபரை மட்டும் அனுமதித்தால் தேர்வே இல்லை, அதையே நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள்.

பெல்லட்டில் வேட்டைக்கு உருண்டைத் தலை உள்ளதே போதும். இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை போல விரிந்த அந்த வடிவம்தான் காற்றில் நேராகப் போகும். கூர்முனை, குழிமுனை என்று கண்ணைக் கவரும் வகைகள் நிறைய இருக்கும். குறி தவறினால் அவற்றால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த பெல்லட் ஒன்று இருக்கும். ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரித் துப்பாக்கிகள் இரண்டுக்குக்கூட அது வேறாக இருக்கலாம். மூன்று நான்கு வகை வாங்கி, துப்பாக்கியைத் தாங்கி வைத்து, ஒவ்வொன்றிலும் பத்து சுட்டுப் பாருங்கள். நெருக்கமாக விழுவதை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். எஃகுக் குண்டுகள் மட்டும் வேண்டவே வேண்டாம். பட்டுத் தெறித்துச் சுட்டவர்மீதே திரும்பி வரும்.

கையில் எடுத்ததும் வர வேண்டிய பழக்கங்கள்

பொம்மைத் துப்பாக்கி என்று நினைப்பவர்களால்தான் ஏர் ரைபிள் விபத்துகள் நடக்கின்றன. சின்னத் துப்பாக்கியின் பெல்லட்கூடக் கண்ணைப் பறித்துவிடும். மண்டைக்குள்ளும் நுழையும். குறி வைத்தால் 30 மீட்டர்தான் பயன்படும் என்றாலும், தவறிப்போன பெல்லட் சில நூறு மீட்டர் தூரம்கூடப் போய் விழும். குழல் முனை எப்போதும் பாதுகாப்பான பக்கம் இருக்கட்டும். குறி வைக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். பிராணிக்குப் பின்னால் மண்மேடோ கனமான மரமோ இல்லாவிட்டால் சுடாதீர்கள். கல், கான்கிரீட், தண்ணீர் மூன்றிலும் பட்டுத் தெறிக்கும். கண்ணைக் காக்கும் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

குழலை மடக்கும் துப்பாக்கியில் பெல்லட்டை வைக்கும்போது இன்னொரு கையால் குழலை இறுகப் பிடித்திருங்கள். வில் விடுபட்டால் குழல் படாரென்று மூடும், நடுவில் மாட்டிய விரல் போய்விடும். ஸ்பிரிங் துப்பாக்கியைப் பெல்லட் இல்லாமல் சுடக் கூடாது. தடுப்பு இல்லாமல் பிஸ்டன் முனையில் மோதி உடையும். காற்று அறைக்குள் சாதாரண எண்ணெய் விடவும் கூடாது. நசுங்கும் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு வெடிக்கும்.

பிடிப்பும் ஜீரோவும்

ஸ்பிரிங் துப்பாக்கி வாங்கியவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இறுகப் பிடித்தால் நேராகப் போகும் என்று கை சொல்லும். அதைக் கேட்காதீர்கள். முன்கட்டை விரித்த உள்ளங்கையில் சும்மா படுத்திருக்க வேண்டும், விரல்கள் அதைக் கவ்வக் கூடாது. தோளில் இலேசாகத் தொட்டால் போதும். துப்பாக்கி தன் விருப்பப்படி உதைத்துக்கொள்ளட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைத்தால் பெல்லட்டும் ஒரே இடத்துக்குப் போகும். கல்மீதோ சுவர்மீதோ நேரடியாக வைத்துச் சுட்டால் குறி எங்கோ போய்விடும், நடுவில் உங்கள் கை இருக்க வேண்டும். பெல்லட் போன பிறகும் ஒரு நொடி ஸ்கோப்பிலிருந்து, அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கியிலிருந்து, கண்ணை எடுக்காதீர்கள்.

புதுத் துப்பாக்கி சில நூறு குண்டுகள் சுட்ட பிறகுதான் ஒரு நிலைக்கு வரும். அதற்குள் அதைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். ஸ்கோப் வாங்கும்போது ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு என்று கேட்டு வாங்குங்கள். முன்னும் பின்னும் வரும் உதைப்பு சாதாரண ஸ்கோப்பின் உள்பாகங்களைக் கழற்றிவிடும்.

ஜீரோ செய்வது என்றால் குறி வைத்த இடத்திலேயே பெல்லட் படும்படி ஸ்கோப்பைத் திருப்பிச் சரிசெய்வது. அதற்கு முதலில் 10 மீட்டரில் அட்டை வைத்து ஐந்து சுடுங்கள். ஒற்றைக் குண்டைப் பார்த்து ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள், ஐந்தின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருப்புங்கள். சரியானதும் 25 மீட்டருக்குப் போய் மறுபடியும் செய்யுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. ஸ்கோப் குழலுக்கு நாலைந்து செ.மீ. மேலே இருக்கிறது. அதனால் 25 மீட்டரில் சரியாகப் படும் துப்பாக்கி 5 மீட்டரில் கீழே படும். நான் மேலே சொன்ன .22 துப்பாக்கியில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 5 மீட்டரில் ஒன்றரை செ.மீ. கீழே, 15 மீட்டரில் ஒரு செ.மீ. மேலே, 30 மீட்டரில் இரண்டு செ.மீ. கீழே, 35 மீட்டரில் ஐந்தாறு செ.மீ. கீழே. கடைசி ஐந்து மீட்டரில் எவ்வளவு சட்டென்று விழுகிறது பாருங்கள். அதே 35 மீட்டரில் .177 சுமார் இரண்டு செ.மீ.தான் விழும். உங்கள் துப்பாக்கிக்கு இந்தக் கணக்கை நீங்களே சுட்டு எழுதி, ஒரு துண்டுக் காகிதத்தில் பின்கட்டையில் ஒட்டி வையுங்கள். காலால் அளந்து தூரத்தைக் கணிக்கவும் பழகுங்கள். நடந்து போகும்போதெல்லாம் அந்த மரம் எத்தனை மீட்டர் என்று மனதில் சொல்லிவிட்டு எண்ணிப் பாருங்கள்.

25 மி.மீ. வட்டம்

ஓர் எலியின் தலையில் உடனே உயிர் போகும் இடம் ஒரு நாணயத்தைவிடச் சின்னது. முயலுக்கு அது கண்ணுக்கும் காதுக்கும் நடுவே 25 மி.மீ. அளவு இருக்கும். ஆகவே அட்டையில் 25 மி.மீ. வட்டம் வரையுங்கள். வேட்டையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே, மண்டியிட்டோ சாய்ந்தோ நின்றோ, ஐந்து சுடுங்கள். ஐந்தும் உள்ளே விழுந்தால் அந்தத் தூரம் உங்களுடையது. நான்கு விழுந்தால் உங்களுடையது அல்ல. ஐந்து மீட்டர் பக்கத்தில் வாருங்கள்.

நிற்கும்போது 12 மீட்டர், மண்டியிட்டால் 20, படுத்தால் 30 என்று வெவ்வேறாக வரும். அப்படித்தான் வரும். காற்றுள்ள நாளில் இன்னும் சுருங்கும். 16 ஜூல் துப்பாக்கிக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் 35 மீட்டருக்கு மேல் நான் சுட மாட்டேன். சக்தி 7.5 ஜூல் என்றால் அது பழகுவதற்கான துப்பாக்கி. முயலை அதனால் சுட வேண்டாம்.

எலி, புறா, முயல்

எலிக்குப் பொறுமைதான் வேண்டும். அதற்குப் புதுப் பொருளைக் கண்டால் பயம், இடத்தில் ஏதாவது மாறினால் சில இரவுகள் அந்தப் பக்கமே வராது. ஆகவே நீங்கள் உட்காரப்போகும் நாற்காலியையும் இரையையும் மூன்று நான்கு நாள் முன்பே வைத்துவிடுங்கள். எலி நடுவெளியில் போகாது, சுவரை ஒட்டியே ஓடும். அந்தத் தடத்தில் எண்ணெய்ப் பசை போல அழுக்கு படிந்திருக்கும், அதுதான் உங்களுக்கு வழிகாட்டி. அது தூக்கிக்கொண்டு ஓட முடியாதபடி, மணமுள்ள, குழைவான இரையைத் தரையில் தேய்த்து வையுங்கள். நக்குவதற்காக நின்றுதான் ஆக வேண்டும். இரைக்குப் பின்னால் மண்மூட்டையோ தடித்த பலகையோ இருக்கட்டும். சிவப்பு விளக்கை எலிகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. இரவு பார்க்கும் ஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. ஓடும் எலியைச் சுடாதீர்கள்.

கொட்டகைப் புறாக்களைச் சுடச் சட்டம் இடம் தருகிறதா என்று மறுபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டுப் புறா இனங்கள் பலவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. மேல்நோக்கிச் சுடும்போது பின்னால் உத்திரமோ தடித்த மரமோ இல்லையென்றால் பெல்லட் கூரையைத் துளைத்து வெளியே போகும்.

முயல் அந்தியிலும் விடியலிலும் வெளியே வரும். காற்று உங்கள் முகத்தில் படும்படி நடங்கள். வேலியையும் புதரையும் ஒட்டி மெதுவாகப் போங்கள், அது காதை நிமிர்த்தினால் அப்படியே நில்லுங்கள். பக்கவாட்டில் தலை தெரியும்போது மட்டும் சுடுங்கள். தலையில் பட்டால் இறைச்சியும் கெடாது. குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் காலத்தில் விட்டுவிடுங்கள். பிரிட்டனில் சாம்பல் அணிலை ஏர் ரைபிளால் குறைக்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். 1876-இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அந்த அணில் சுமந்து வரும் அம்மை நோய், அங்கேயே பிறந்த செவ்வணிலைக் கொல்கிறது. ஒரு சின்னத் துப்பாக்கி நிதானமான கையில் இருந்தால் இப்படியும் பயன்படும்.

சுட்ட பிறகு

விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, அடுத்த பெல்லட்டை நிரப்பிவிட்டுத்தான் போக வேண்டும். இன்னும் உயிர் இருந்தால் யோசிக்காமல் தலையில் இன்னொன்று சுடுங்கள். காயத்தோடு மறைந்துவிட்டால் அன்றைய வேட்டை முடிந்தது, தேடுவதுதான் மிச்ச வேலை. செத்த எலியை வெறும் கையால் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரிலிருந்து சின்னக் கீறல் வழியாகக்கூட வந்துவிடும். கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். சாப்பிடாத பிராணியையும் வெளியே போட்டுவிடாதீர்கள், அதற்குள் இருக்கும் ஈயம் அதைத் தின்னும் பறவைகளுக்குக் கெடுதல்.

ஈயம் உங்கள் விரல்களிலும் ஒட்டியிருக்கும். சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெல்லட்டை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அது வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கியை வில் அழுந்திய நிலையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அட்டையில் ஒன்று சுட்டு விடுவித்துவிடுங்கள். உலோகப் பாகங்களை எண்ணெய்த் துணியால் துடைத்து, பெல்லட் டப்பாவை வேறு இடத்தில் வைத்து, துப்பாக்கியைப் பூட்டிச் சாவியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.